எந்த ஏபியோடு சேருவது: வைஃபை டிரைவர் இடைமுகத்தை வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

திரையில் ஒரு பெயரைத் தொட்டால் வைஃபை இணைந்துவிடுகிறது. பெரிய கட்டடம் என்றால் அந்த ஒரே பெயரில் இருபது, முப்பது அக்சஸ் பாயின்ட்கள் (சுருக்கமாக ஏபி) இருக்கும். அவற்றில் எதோடு சேருவது என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். அது யார் என்று டிரைவரின் (வைஃபை சிப்பை இயக்கும் நிரலின்) இடைமுகம் சொல்லாமல் விட்டுவிட்டால், மேலே இருக்கும் நிரல் ஒன்றைப் பிடிக்கும், கீழே சிப்புக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் இன்னொன்றைப் பிடிக்கும், இணைப்பு நடுவில் ஊசலாடும்.

நான் முதலில் எழுதிய இடைமுகத்தில் இரண்டே ஃபங்ஷன்கள்தான்: பெயரை வை, முகவரியை வை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுத வேண்டி வந்தது. அந்த இரண்டாம் முறை பின்பற்றிய வரிசைதான் கீழே இருப்பது. இதே வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இடறிய இடங்களையும் அங்கங்கே சேர்த்திருக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சிப் எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். ஃபுல்மேக் சிப்பில் ஆதென்டிகேஷன் (அடையாளம் காட்டுவது), அசோசியேஷன் (ஏபியோடு சேருவது) ஃபிரேம்களை, அதாவது காற்றில் போகும் செய்திகளை, ஃபர்ம்வேரே அனுப்பிக்கொள்ளும். நாம் "இதோடு சேர்" என்று சொன்னால் போதும். சாஃப்ட்மேக் சிப்பில் அந்த ஃபிரேம்கள் ஹோஸ்ட் (சிப் பொருத்திய கணினி) பக்கத்திலிருந்து போக வேண்டும். முன்னதற்கு ஒரே "இணை" கட்டளை இயல்பாகப் பொருந்தும், பின்னதற்கு ஒவ்வொரு படிக்கும் தனிக் கட்டளை. நிரல்கள் வைஃபை டிரைவரோடு பேச லினக்ஸ் தரும் என்எல்80211 இடைமுகம் இரண்டையும் வைத்திருக்கிறது.

அடுத்து, ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் கொண்ட இரண்டு ஏபிகள், வெவ்வேறு சேனல்களில். ஒரே ஒரு ஏபியை வைத்துக்கொண்டு சோதித்தால் எந்த இடைமுகமும் சரியாகத்தான் வேலை செய்யும். தேர்வு என்ற கேள்வியே அங்கே எழாதே.

மூன்றாவதாக, மானிட்டர் நிலையில் காற்றைக் கேட்கும் தனி வைஃபை அட்டை ஒன்று. டிரைவரின் லாக் சொல்வது ஒன்று, காற்றில் போவது ஒன்று என்று பல தடவை பார்த்திருக்கிறேன். எது நடந்தது என்ற சண்டையைத் தீர்க்க வேறு வழி கிடையாது.

1. முடிவு யாருடையது என்று எழுதி வையுங்கள்

கோடு எழுதும் முன் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். முதல் முறை சேரும்போது ஏபியைத் தேர்ந்தெடுப்பது யார்? சிக்னல் குறையும்போது மாறச் சொல்வது யார்? இணைப்பு அறுந்தால் திரும்ப முயல்வது யார்? மூன்றுக்கும் ஒரே பதில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில்தான் இருக்க வேண்டும்.

வைஃபை இணைப்பையும் பாதுகாப்பையும் கவனிக்கும் டபிள்யூபிஏ சப்ளிகண்ட் நிரலில் ஏபி ஸ்கேன் என்று ஓர் அமைப்பு உண்டு. அதை 1 என்று வைத்தால் சப்ளிகண்டே ஸ்கேன் செய்து ஏபியைத் தேர்ந்தெடுக்கும். 2 என்று வைத்தால் பெயரையும் பாதுகாப்பு விதிகளையும் மட்டும் கொடுத்துவிட்டு, எந்த ஏபி என்பதை டிரைவரிடம் விட்டுவிடும். இரண்டாவது வழியில் சப்ளிகண்டின் கையில் பட்டியல் இல்லை. அதனால் சேமித்து வைத்த நெட்வொர்க்குகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டியிருக்கிறது. முடிவைக் கீழே தள்ளினால் மேலே இருப்பவர் குருடராகிவிடுவார். அந்த விலையைத் தெரிந்துதான் கொடுக்க வேண்டும்.

என் பரிந்துரை: முதல் சேர்க்கை ஹோஸ்ட் கையில் இருக்கட்டும். பயனர் விருப்பம், பழைய தோல்விகள், பாதுகாப்புக் கொள்கை எல்லாம் அங்கேதான் தெரியும். ரோமிங்கை (ஓர் ஏபியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை) மட்டும், ஹோஸ்ட் தூங்கும் கருவிகளில், ஃபர்ம்வேரிடம் விடலாம். சிக்னல் குறையும் ஒவ்வொரு தடவையும் ஹோஸ்டை எழுப்பினால் பேட்டரி தாங்காது.

2. பெயரும் முகவரியும் என்ன என்பதைச் சரியாக வரையறுங்கள்

நெட்வொர்க்கின் பெயரான எஸ்எஸ்ஐடி எழுத்துச் சரம் அல்ல. 0 முதல் 32 வரை பைட்கள் கொண்ட ஒரு தொகுப்பு, அவ்வளவுதான். நடுவில் சுழிய பைட் வரலாம், யூடிஎஃப்-8 ஆக இல்லாமலும் போகலாம். ஆகவே இடைமுகத்தில் எப்போதும் பைட்களோடு நீளத்தையும் சேர்த்து அனுப்புங்கள். புதியவர்களிடம் நான் அதிகம் பார்த்த பிழை இதுதான்: சி மொழியின் சரமாக எடுத்துக்கொண்டு, சுழியம் வந்ததும் வெட்டிவிடுவது. 32 பைட் பெயருக்கு 32 பைட் இடம் ஒதுக்கி, கடைசியில் சுழியம் வைக்க இடமில்லாமல் அடுத்த புலத்தை மிதிப்பது இதன் தம்பி.

மறைத்து வைத்த நெட்வொர்க் பீக்கனில் (ஏபி தன்னை அறிவித்துத் திரும்பத் திரும்ப அனுப்பும் ஃபிரேமில்) நீளம் 0 என்று சொல்லும், அல்லது சரியான நீளத்துக்குச் சுழியங்களை நிரப்பி அனுப்பும். இரண்டும் "பெயர் தெரியாது" என்றே பொருள். அப்படிப்பட்டதோடு சேர, பெயரைக் குறிப்பிட்டு ப்ரோப் ("இருக்கிறாயா?" என்று கேட்கும் ஃபிரேம்) அனுப்ப வேண்டும். அதனால் ஸ்கேன் கோரிக்கையில் பெயர்ப் பட்டியலுக்கும் ஓர் இடம் வையுங்கள்.

பிஎஸ்எஸ்ஐடி என்பது ஏபியின் 6 பைட் முகவரி. இதை மட்டும் வைத்து ஓர் ஏபியை அடையாளம் காண முடியும் என்று தோன்றும். ஏபி சேனல் மாறினால் பழைய சேனலில் பதிவான அதே முகவரி கொஞ்ச நேரம் பட்டியலில் இருக்கும். லினக்ஸ் கெர்னலில் வைஃபையைக் கவனிக்கும் பகுதியான சிஎஃப்ஜி80211, முகவரி, பெயர், சேனல் மூன்றையும் சேர்த்துத்தான் ஒரு பதிவை அடையாளம் காண்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வைஃபை 7 வந்தபிறகு இன்னொரு சிக்கல். ஒரே ஏபி பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் இணைப்புகளை வைத்திருக்கும். ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு முகவரி, மொத்தக் கருவிக்கும் இன்னொரு முகவரி. "முகவரி" என்று ஒரே புலத்தை வைத்துவிட்டால் அது எந்த முகவரி என்ற குழப்பம் பிறகு தீரவே தீராது. இன்றைக்கு உங்கள் சிப் வைஃபை 7 இல்லை என்றாலும், முடிவுச் செய்தியில் இணைப்புகளின் பட்டியலுக்கு இடம் விட்டு வையுங்கள். ஒரே ஓர் உறுப்பு கொண்ட பட்டியலால் யாருக்கும் நஷ்டமில்லை.

3. ஸ்கேன் பட்டியலைச் சமைக்காமல் கொடுங்கள்

ஸ்கேன் செய்யச் சொல்வதும் பட்டியலை வாங்குவதும் தனித்தனி வேலைகள். ஒரே அழைப்பில் இரண்டையும் அடைத்தால், அழைத்தவர் பல வினாடிகள் காத்துக் கிடப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். பீக்கன் வழக்கமாக 100 டியூ (ஒரு டியூ என்பது 1024 மைக்ரோவினாடி) இடைவெளியில் வரும், அதாவது 102.4 மில்லிவினாடி. ரேடார் பகிரும் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில் நாமாக ப்ரோப் அனுப்பக் கூடாது, பீக்கனுக்காகக் காத்திருக்க வேண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு சேனலுக்கும் 100 மில்லிவினாடிக்கு மேல் போகும்.

6 கிகாஹெர்ட்ஸ் பட்டை முழுதும் திறந்திருக்கும் இடங்களில் 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் மட்டும் 59. எல்லாவற்றிலும் காத்திருந்தால் ஆறு வினாடி போய்விடும். இதனால்தான் அங்கே தேடலுக்கென்று 15 சேனல்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. மற்ற பட்டைகளின் பீக்கன்களிலும் அண்டை ஏபிகளைப் பற்றிய குறிப்பு வருகிறது. உங்கள் இடைமுகத்துக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம்: ஸ்கேன் கோரிக்கை சேனல் பட்டியலை ஏற்க வேண்டும். "எல்லாவற்றையும் தேடு" என்ற ஒரே வகை போதாது.

பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் வயது வேண்டும்: கடைசியாக எத்தனை மில்லிவினாடிக்கு முன் கேட்டது என்று. இந்த வயதை எந்தக் கடிகாரத்தில் அளக்கிறீர்கள் என்பது முக்கியம். கருவி தூங்கும்போது நின்றுவிடும் கடிகாரம் உதவாது. அலுவலகத்தில் மூடிய மடிக்கணினியை வீட்டில் திறந்தால், அலுவலக ஏபி "இரண்டு வினாடிக்கு முன் கேட்டது" என்று காட்டும். மேலே இருக்கும் நிரல் அதை நம்பி அதோடு சேர முயலும். தூங்கும் நேரத்தையும் எண்ணும் கடிகாரத்தையே எடுங்கள். சிஎஃப்ஜி80211 தன் பட்டியலில் 30 வினாடிக்கு மேல் கேட்காத பதிவுகளைக் கழித்துவிடுகிறது. தொடக்கத்துக்கு அது நல்ல அளவு.

சிக்னலை டிபிஎம் அலகில் (சிக்னல் வலுவின் அலகு; -85ஐவிட -70 வலுவானது) கொடுங்கள். சிப் அப்படித் தரவில்லை, வெறும் 0 முதல் 100 வரை ஓர் எண்தான் தருகிறது என்றால், அதை வேறொரு புலத்தில் அப்படியே கொடுங்கள். கையால் ஒரு சூத்திரம் போட்டு டிபிஎம் ஆக்காதீர்கள். பிறகு யாராவது -70 என்று ஒரு வாசல் (இதற்குக் கீழே போனால் பலவீனம் என்ற எல்லை) வைப்பார்கள், அது உங்கள் சிப்பில் எதையும் குறிக்காது.

பீக்கனில் வந்த தகவல் கூறுகளை முழுதாக, பைட் மாறாமல் மேலே அனுப்புங்கள். வரிசைப்படுத்தாதீர்கள், வடிகட்டாதீர்கள். "சிக்னல் குறைவானதைக் காட்டி என்ன பயன்?" என்று ஒருவர் -85க்குக் கீழே இருந்ததையெல்லாம் டிரைவரிலேயே கழித்துவிட்டார். தூரத்தில் அந்த ஒரே ஏபிதான் இருந்த பயனருக்கு வைஃபையே இல்லை என்று ஆகிவிட்டது. கொள்கை மேலே இருக்க வேண்டும் என்று முதல் படியில் முடிவு செய்தோம்; வடிகட்டி என்பதும் கொள்கைதான்.

இன்னொன்று: நீளமான பட்டியலைத் துண்டு துண்டாக வாசிக்கும்போது நடுவில் அது மாறலாம். பட்டியலுக்கு ஒரு பதிப்பு எண் வையுங்கள். முதல் துண்டிலும் கடைசித் துண்டிலும் எண் வேறாக இருந்தால் வாசிப்பவர் மறுபடி தொடங்கட்டும்.

4. இணைப்புக் கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

லினக்ஸின் பழைய வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ் இடைமுகத்தில் பெயருக்கு ஓர் அழைப்பு, முகவரிக்கு ஓர் அழைப்பு, சாவிக்கு ஓர் அழைப்பு என்று தனித்தனியாக இருந்தன. பெயரை வைத்ததுமே சேர்க்கையைத் தொடங்கிவிடும் டிரைவர்கள் இருந்தன. சாவி அதன்பிறகு வரும். அதற்குள் சாவி இல்லாமல் ஒரு முயற்சி போய், தோற்று, திரும்ப வந்திருக்கும். "இதுவரை சொன்னதையெல்லாம் இப்போது செய்" என்று ஓர் அழைப்பும் அங்கே உண்டு. அதற்காக எல்லாரும் காத்திருந்தால்தானே!

நான் முதலில் எழுதியதும் இந்தத் தவறைத்தான் செய்தது. பெயர் வந்ததும் டிரைவர் அருகில் இருந்த ஏபியைப் பிடிக்கும். அடுத்து முகவரி வரும், அதை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடிக்கும். பயனர் பார்ப்பதோ, "இணைந்தது, அறுந்தது, இணைந்தது."

ஆகவே தேவையானதெல்லாம் ஒரே கோரிக்கையில் ஒரே நேரத்தில் வரட்டும்: பெயர், பாதுகாப்பு விதிகள், சாவி வகை, ஏபி பற்றிய நிபந்தனைகள், அசோசியேஷன் ஃபிரேமில் சேர்க்க வேண்டிய கூடுதல் கூறுகள். கோரிக்கை வராத வரை டிரைவர் எதுவும் செய்யக் கூடாது.

இப்போது அந்த நிபந்தனைகள். இவற்றை மூன்று வகையாகப் பிரியுங்கள்.

கட்டாயம்: "இந்த முகவரிதான், இல்லாவிட்டால் தோல்வி என்று சொல்." சோதனை செய்பவருக்கும், ஹோஸ்டே முடிவெடுக்கும் அமைப்புக்கும் இது வேண்டும்.

வரம்பு: "இவற்றுள் எதுவானாலும் சரி." அனுமதித்த முகவரிகள், அனுமதித்த சேனல்கள், அனுமதித்த பட்டைகள்.

பரிந்துரை: "இதிலிருந்து தொடங்கு, சரிவராவிட்டால் உன் விருப்பம்." ஸ்கேன் முடிந்த கையோடு ஹோஸ்டுக்கு ஏபியும் சேனலும் தெரியும். அதைச் சொல்லிவிட்டால் ஃபர்ம்வேர் மறுபடி முழு ஸ்கேன் செய்ய வேண்டாம். போன படியில் பார்த்த ஆறு வினாடி இங்கே மிச்சமாகும்.

இந்த மூன்றையும் ஒரே புலத்தில் போடாதீர்கள். என்எல்80211 இதில் சரியாக நடந்துகொள்கிறது: கட்டாய முகவரிக்கு ஒரு புலம், பரிந்துரை முகவரிக்கு வேறொரு புலம்; சேனலுக்கும் அப்படியே இரண்டு. அந்தப் பழைய இடைமுகத்தைப் பயன்படுத்தும் ஐடபிள்யூகான்ஃபிக் கட்டளையின் கையேட்டைப் பாருங்கள். ஏபி முகவரியைக் குறிப்பிட்ட பிறகும், இணைப்பின் தரம் மிகக் குறைந்தால் டிரைவர் தானியங்கி நிலைக்குத் திரும்பலாம் என்று அது சொல்கிறது. கட்டாயம் என்று நினைத்துக் கொடுத்தது சத்தமில்லாமல் பரிந்துரை ஆகிவிடுகிறது! கொடுத்தவருக்கு அது தெரியவும் வழியில்லை.

மறுசேர்க்கைக்கு இன்னொரு புலம் வேண்டும்: முந்தைய ஏபியின் முகவரி. ரீஅசோசியேஷன் ஃபிரேமில் "தற்போதைய ஏபி" என்ற பெயரில், அதாவது இதுவரை சேர்ந்திருந்த ஏபியின், முகவரி போக வேண்டும். அது இல்லாமல் டிரைவர் புது அசோசியேஷனாகவே அனுப்பிவிடும். பழைய ஏபிக்கும் புதிய ஏபிக்கும் இடையில் கைமாற்றம் நடக்க வழியில்லாமல் போகும்.

5. மாய மதிப்புகளை வைக்காதீர்கள்

எல்லா பைட்டும் 255 ஆக இருந்தால் "எதுவானாலும்", எல்லாம் 0 ஆக இருந்தால் "வேண்டாம்" என்று முகவரிப் புலத்துக்குள்ளேயே கட்டளையை ஒளித்து வைப்பது பழைய வழக்கம். ஐடபிள்யூகான்ஃபிக்கில் "எனி" என்றால் இப்போதைக்குச் சிறந்த ஏபியோடு மறுபடி சேர். "ஆஃப்" என்றால் இருப்பதை மாற்றாமல் தானியங்கி நிலைக்குப் போ. இரண்டுமே தானியங்கிதான், பக்கவிளைவு மட்டும் வேறு. இதை நினைவில் வைத்துக்கொண்டு டிரைவர் எழுதுவது நடக்கிற காரியமா?

புலம் இருக்கிறதா இல்லையா என்று தனியாகச் சொல்லுங்கள். முகவரி கொடுக்காவிட்டால் நிபந்தனை இல்லை. துண்டிப்பதற்குத் துண்டிக்கும் கட்டளை. கோரிக்கையில் 255 முகவரியோ 0 முகவரியோ வந்தால் அது பிழை, திருப்பி அனுப்புங்கள்.

6. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரே ஒரு பதில்

இணைப்புக் கோரிக்கை உடனே திரும்ப வேண்டும். முடிவு பிறகு தனிச் செய்தியாக வர வேண்டும். அந்த முடிவுச் செய்தி எப்படியும் வந்தே தீர வேண்டும், ஒரே ஒரு முறைதான் வர வேண்டும். வெற்றி, ஏபி மறுத்தது, நேரம் கடந்தது, நடுவில் ரத்து செய்தார்கள் என எதுவானாலும் சரி. பதில் வராத ஒரு பாதை இருந்தாலும் மேலே இருக்கும் நிரல் அங்கே தொங்கிக்கொண்டு நிற்கும். இரண்டு பதில் வந்தால் இரண்டாவதை அடுத்த கோரிக்கைக்கான பதில் என்று எடுத்துக்கொள்ளும்.

இதற்காக ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுத்து, பதிலிலும் அதே எண்ணைப் போடுங்கள். பயனர் ஒரு பெயரைத் தொட்டுவிட்டு அரை வினாடியில் இன்னொன்றைத் தொடுவார். எண் இல்லாவிட்டால் முதல் கோரிக்கையின் தோல்வி இரண்டாவதின் தலையில் விழும்.

பதிலுக்குள் என்ன இருக்க வேண்டும்? எந்த ஏபியோடு சேர்ந்தது என்பது முதலில். பரிந்துரைத்ததையே திருப்பி எழுதிவிடாதீர்கள்; உண்மையில் சேர்ந்தது எதுவோ அது. அப்புறம் அனுப்பிய கோரிக்கை ஃபிரேமிலும் வந்த பதில் ஃபிரேமிலும் இருந்த கூறுகள்.

தோல்வி என்றால் அது எங்கிருந்து வந்தது என்பதும் வேண்டும். இங்கே மூன்று வேறு எண் வரிசைகள் இருக்கின்றன, புதியவர்கள் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஏபி தன் பதில் ஃபிரேமில் தருவது நிலைக் குறியீடு: 0 என்றால் வெற்றி, 17 என்றால் இனி ஆள் சேர்க்க இடமில்லை, 30 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. இணைந்த பிறகு துண்டிக்கும்போது வருவது காரணக் குறியீடு: அங்கே 15 என்றால் நால்வழிக் கைகுலுக்கல் (நான்கு செய்திகளில் சாவியை உறுதிசெய்வது) நேரத்துக்குள் முடியவில்லை. இரண்டுக்கும் அட்டவணையே வேறு. மூன்றாவது, ஏபி பேசவே இல்லை, நாமே காத்திருந்து விட்டுவிட்டோம் என்பது. இதற்கு ஏபியின் குறியீடு எதையும் இரவல் வாங்காதீர்கள். ஸ்கேனில் காணவில்லையா, ஆதென்டிகேஷனில் பதில் இல்லையா, அசோசியேஷனில் பதில் இல்லையா என்று தனியாகச் சொல்லுங்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. டபிள்யூபிஏ2 நெட்வொர்க்கில் பாஸ்வேர்ட் தவறாக இருந்தாலும் அசோசியேஷன் வெற்றி என்றே வரும். தவறு அதற்குப் பின்னால் வரும் நால்வழிக் கைகுலுக்கலில்தான் தெரியும். டபிள்யூபிஏ3 முறையில் ஆதென்டிகேஷன் கட்டத்திலேயே தெரிந்துவிடும். ஆக, "சேர்ந்தது" என்பதும் "தரவு அனுப்பலாம்" என்பதும் இரண்டு வேறு நிலைகள். இடைமுகத்தில் இரண்டுக்கும் தனிச் செய்தி வையுங்கள்.

இரண்டாவது கண்ணி இன்னும் நுட்பமானது. கைகுலுக்கலின் முதல் ஃபிரேம் தரவுப் பாதையில் வரும். "சேர்ந்தது" என்ற செய்தி கட்டுப்பாட்டுப் பாதையில் வரும். இரண்டும் வேறு வேறு வரிசைகள். வேகமான ஏபி என்றால் கைகுலுக்கல் ஃபிரேம் முந்திக்கொண்டு வந்துவிடும். சப்ளிகண்ட் "நான் இன்னும் எதோடும் சேரவில்லையே" என்று அதைத் தூக்கி எறியும். பத்தில் ஒரு முறை மட்டும் இணைப்பு தாமதமாகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். கைகுலுக்கல் ஃபிரேம்களையும் கட்டுப்பாட்டுப் பாதையிலேயே அனுப்புவதுதான் சரியான தீர்வு. என்எல்80211 அதற்கு வழி வைத்திருக்கிறது.

7. ரோமிங்குக்கான விதிகளைத் தனியாக எழுதுங்கள்

ஹோஸ்ட் முடிவெடுக்கும் அமைப்பு என்றால் டிரைவர் செய்ய வேண்டியது எச்சரிக்கை மட்டும்: சிக்னல் இந்த வாசலுக்குக் கீழே போனால் சொல், இத்தனை அளவு மாறினால் மட்டும் மறுபடி சொல். இந்த இரண்டாவது எண் இல்லாவிட்டால், சிக்னல் வாசலிலேயே தத்தளிக்கும்போது செய்தி மழையாகக் கொட்டும். வாசலைப் பட்டைக்குப் பட்டை வேறாக வைக்க முடிய வேண்டும். சப்ளிகண்ட் செய்யும் வேலையையே லினக்ஸில் செய்யும் ஐடபிள்யூடி நிரலில் இயல்பு மதிப்பே -70 டிபிஎம், 5 கிகாஹெர்ட்ஸுக்கு -76 என்று இரண்டாக இருக்கிறது.

ஏபியே "நீ வேறு இடத்துக்குப் போ" என்று 802.11வி முறையில் கேட்கவும் செய்யும், போகக்கூடிய ஏபிகளின் பட்டியலோடு. ஹோஸ்ட் முடிவெடுக்கிறது என்றால் இந்தக் கோரிக்கை மேலே போக வேண்டும். ஃபர்ம்வேர் தானே பதில் சொல்லிவிட்டால் முதல் படியில் எழுதிய தாளைக் கிழித்துப் போட்ட மாதிரிதான்.

ஃபர்ம்வேர் முடிவெடுக்கும் அமைப்பு என்றால் மூன்று விதிகள். கட்டாய முகவரி கொடுத்திருந்தால் ரோமிங் கிடையாது. வரம்பு கொடுத்திருந்தால் அதற்குள் மட்டும். மாறி முடிந்ததும், புதிய ஏபி எது, சாவிக் கைகுலுக்கலை ஃபர்ம்வேரே முடித்துவிட்டதா அல்லது ஹோஸ்ட் செய்ய வேண்டுமா என்று ஒரே செய்தியில் சொல்ல வேண்டும். இந்தக் கடைசித் தகவலை விட்டுவிட்டால் சப்ளிகண்ட் வராத கைகுலுக்கலுக்குக் காத்திருந்து, நன்றாக இருக்கும் இணைப்பைத் தானே அறுத்துவிடும்.

ரோமிங்கை "துண்டித்தது, பிறகு இணைந்தது" என்று இரண்டு செய்தியாக அனுப்புவது பெரிய தவறு. துண்டித்தது என்று கேட்டதுமே மேலே ஐபி முகவரியைக் கழற்றிவிடுவார்கள், திறந்திருந்த இணைப்புகள் எல்லாம் விழுந்துவிடும்.

8. தோல்வியை நினைவில் வைப்பவர் ஒருவரே

ஒரு சிப்பின் ஃபர்ம்வேருக்குள், தோற்ற ஏபிகளின் பட்டியல் ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாமல் இருந்தது. ஏபியை அணைத்துப் போட்டால், அடுத்த சில நிமிடங்களுக்கு அதோடு சேரவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஸ்கேனில் தெரிகிறது, சிக்னல் நன்றாக இருக்கிறது, "காணவில்லை" என்று பதில் வருகிறது. காற்றைக் கேட்டுப் பார்த்தபோதுதான் ஒரு ஃபிரேம்கூட வெளியே போகவில்லை என்று புரிந்தது.

தேர்வு ஹோஸ்டுடையது என்றால் இந்த நினைவும் ஹோஸ்டுடையதுதான். ஃபர்ம்வேருக்குள் பட்டியல் இருந்தே தீரும் என்றால், அதைக் காலி செய்யக் கட்டளையும், அதனால் மறுத்தபோது அதற்கென்று தனிக் காரணமும் வையுங்கள். நிலைக் குறியீடு 17 வந்த ஏபியையும், பாஸ்வேர்ட் தவறான ஏபியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முதலாவதில் அதே பெயரில் உள்ள அடுத்த ஏபிக்குப் போகலாம். இரண்டாவதில் எங்கே போனாலும் அதே கதைதான்.

9. முடியாததை முன்கூட்டியே சொல்லுங்கள்

எந்தெந்தப் புலங்களை இந்த டிரைவர் மதிக்கும் என்று திறன் பட்டியல் ஒன்று கொடுங்கள்: பட்டை வரம்பு தெரியுமா, ஃபர்ம்வேர் ரோமிங் உண்டா, ஒரே ஸ்கேனில் எத்தனை பெயர்கள் தேடலாம் என்பது போல. தெரியாத புலம் வந்தால் பிழை என்று திருப்புங்கள். "பரவாயில்லை, விட்டுவிடலாம்" என்று கண்டுகொள்ளாமல் போனால், கட்டாயம் பரிந்துரையாக மாறும் அதே பழைய கதை வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

10. சோதிக்கும் வரிசை

லினக்ஸில் வேலை செய்பவர்களுக்கு மேக்80211 ஹெச்டபிள்யூசிம் என்ற கெர்னல் மாட்யூல் உண்டு. சிப் எதுவும் இல்லாமல் போலி ரேடியோக்களை உருவாக்கித் தரும். மேலே இருக்கும் நிரலை அதில் முதலில் ஓட்டிப் பாருங்கள். அதில் தோற்றால் தவறு உங்கள் டிரைவரில் இல்லை. அதன்பிறகு உண்மையான சிப்புக்கு வாருங்கள். இரண்டு ஏபிகள், ஒரே பெயர், பக்கத்தில் காற்றைக் கேட்கும் அட்டை.

முதலில் சிக்னல் குறைவான ஏபியைக் கட்டாயமாகக் கொடுங்கள். அதோடுதான் சேர வேண்டும், அங்கேயே இருக்க வேண்டும். பிறகு அதை அணைத்துவிடுங்கள்: தோல்வி என்று வர வேண்டும், இன்னொன்றோடு சேரக் கூடாது.

அதையே பரிந்துரையாகக் கொடுத்து மறுபடி செய்யுங்கள். இப்போது அணைத்தால் இன்னொன்றோடு சேர்ந்து, பதிலில் அந்த இன்னொன்றின் முகவரி வர வேண்டும்.

ஸ்கேன் முடிந்ததும் ஏபியின் சேனலை மாற்றிவிட்டு, பழைய சேனலைப் பரிந்துரையாகக் கொடுங்கள். கொஞ்சம் தாமதமானாலும் சேர வேண்டும். பழைய சேனலைக் கட்டாயமாகக் கொடுத்தால் சேரக் கூடாது.

நடுவில் சுழிய பைட் உள்ள பெயர், 32 பைட் பெயர், மறைத்த பெயர் மூன்றையும் ஒவ்வொரு முறை முயலுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

கடைசியாக ரத்து. கோரிக்கை கொடுத்து 0, 5, 10 மில்லிவினாடி என்று ஏறுவரிசையில் தாமதித்து ரத்து செய்து, ஒவ்வொரு முறையும் பதில்களை எண்ணுங்கள். இதை ஆயிரம் முறை ஓட்டும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி இரவெல்லாம் விட்டுவிடுங்கள். ஆயிரம் கோரிக்கைக்கு 999 பதில் வந்திருந்தால், அசோசியேஷன் பதில் காற்றில் வந்துகொண்டிருக்கும்போது ரத்து நுழைந்த இடத்தில் பாருங்கள். என் டிரைவரில் அந்த ஒன்று அங்கேதான் தொலைந்து கிடந்தது.